ஓவர்சீயர் விஸ்வலிங்கமும் கடைசி ஆறு வீடுகளும்

எங்கள் பால்காரச் சந்தில் விஸ்வலிங்கத்தைப் பிடிக்காதவர்கள் பாதிப் பேர். மீதிப் பேருக்கு அவரைக் கண்டால் பயம். என்னை எதில் சேர்ப்பது என்று எனக்கே தெரியாது. என் வீடு சந்தின் பள்ளத்துக் கோடியில் இருந்தது. குழாய்க் கணக்கில் அவர் ஒரு பிசகு செய்தால் நாற்றம் முதலில் என் அடுப்படிக்குத்தான் வரும். அதனால் அந்த மனிதர் மேல் எப்போதும் ஒரு கண் வைத்திருந்தேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து இங்கிலீஷ் படித்துவிட்டுச் சிங்கப்பூருக்கு வந்தவர். அவருடைய சொந்தக்காரர்கள் எல்லாம் விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எழுதும் வேலையில் இருந்தார்கள். இவர் மட்டும் சாக்கடை ஓவர்சீயர். கல்யாண வீட்டில் இவர் பக்கத்துப் பாயில் உட்கார யோசிப்பார்கள் என்று கேள்வி. வேலை முடிந்து வந்தால் குளிக்காமல் வீட்டுக்குள் கால் வைக்கமாட்டார். வெள்ளிக்கிழமை தவறாமல் டேங்க் ரோடு கோயிலுக்குப் போவார். சிரித்து நான் பார்த்ததில்லை.

சிரிக்காததற்குக் காரணம் இருந்தது. முன்பு குடியிருந்த வீட்டில் கக்கூஸ் வாளியும் கிணறும் பக்கத்தில் பக்கத்தில். பேதி வந்து ஒரே வாரத்தில் இரண்டு பிள்ளைகளைத் தூக்கிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் மனிதருக்கு அந்த வெறி பிடித்தது. அழுக்கு எல்லாம் மண்ணுக்குக் கீழே குழாயில் போகவேண்டும், கிணற்றுப் பக்கம் ஒரு சொட்டுகூட வரக்கூடாது. அவருடைய மனைவி கமலாம்பிகைக்கு அந்த வெறி இன்னும் ஒரு படி அதிகம். குழாய் வைத்த வீட்டில்தான் இனி ஒரு பிள்ளை பெறுவேன் என்று சொல்லியிருந்தாள்.

சீமையில் பெரிய சண்டை தொடங்கிய வருஷம் அது. ஜாலான் புசார் பக்கம் சதுப்பைத் தூர்த்துத் தூர்த்து வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். மண் இறுகுவதற்குள் சுவர் எழும்பும், சுவர் காய்வதற்குள் குடித்தனம் வரும். எங்கள் சந்தின் குழாய் இருபது வீட்டுக்குப் போட்டது. இருபது வீடும் அதில் இருந்தோம். அந்த நேரம் பார்த்து எங்களுக்குப் பின்னால் பன்னிரண்டு வீடுகள் புதிதாக எழும்பின. கடைசி வீட்டுக்கு விஸ்வலிங்கம் குடிவந்தார். கமலாம்பிகைக்கு அப்போது ஏழு மாதம்.

பன்னிரண்டையும் இந்தக் குழாய் தாங்காது என்று அவர் சொன்னார். பெரிய குழாய் வரும்வரை ஆறு வீட்டை மட்டும் சேர்க்கலாம், மற்ற ஆறும் வாளியோடு இருக்கட்டும் என்று முடிவானது. எந்த ஆறு என்று சந்தே அடித்துக்கொண்டது. அவர் முதல் ஆறு என்றார். அவர் வீடு கடைசியில் இருந்தது. தன் வீட்டைத் தானே தள்ளி வைத்தால் யார் வாய் திறக்க முடியும்? கமலாம்பிகை மட்டும் திறந்தாள். அன்று அவர்கள் வீட்டில் கேட்ட சத்தம் என் வீடுவரை வந்தது.

பன்னிரண்டு வீட்டுக் கொல்லையிலும் குழாய்களைப் பதித்து, வாயைக் களிமண் மூடியால் அடைத்து வைத்திருந்தார்கள். வேலைக்காரர்களுக்குத் தலைவர் தண்டல் இயேசுதாசன், திருநெல்வேலிக்காரர், எங்கள் கத்தோலிக்கக் கோயில் ஆள் இல்லை, புரட்டஸ்டண்ட். விஸ்வலிங்கம் சாக்கடைத் தண்ணீரை இறைக்கும் பம்பு வீட்டு வேலைக்கு அவசரமாகக் கிளம்பும்போது அவரிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது.

"முதல் ஆறும் இண்டைக்கே முடியவேணும், தண்டல். கடைசி ஆறையும் பூட்டவேண்டாம்."

"சரிங்கய்யா."

யாழ்ப்பாணத்தார் குழாயைப் பூட்டுவது என்றால் பொருத்துவது, சேர்ப்பது. எங்களுக்குப் பூட்டுவது என்றால் மூடுவது. ஒரு சொல்லை இரண்டு ஊர்க்காரர்கள் இரண்டு பக்கமிருந்து பிடித்துக்கொண்டார்கள். கடைசி ஆறையும் மூடி வைக்காதே என்றுதான் இயேசுதாசன் எடுத்துக்கொண்டார். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். பிள்ளைத்தாய்ச்சிக்காக மனிதர் இளகிவிட்டார் என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. சாயங்காலத்துக்குள் பன்னிரண்டு மூடியும் உடைந்து, பன்னிரண்டு வீடும் குழாயில் சேர்ந்துவிட்டன.

விஸ்வலிங்கம் பம்பு வீட்டிலேயே தங்கிவிட்டார். மறுநாள் மத்தியானம் மழை பிடித்தது. கடல் ஏறும் நேரம் வேறு. லொங்காங் என்கிற தெருவோரச் சாக்கடை நிரம்பி, போக வழியில்லாத தண்ணீர் புது வீடுகளின் கொல்லைக்குள் புகுந்து, அங்கே திறந்திருந்த குழாய்க்குள் இறங்கியது. இறங்கியது எல்லாம் பள்ளத்தில் என் கொல்லையில் வந்து கொப்பளித்தது.

என் கொல்லையில்தான் சந்துக்கே குடிதண்ணீர்க் கிணறு. கட்டைச் சுவர், முழங்கால் உயரம்கூட இருக்காது. கறுப்புத் தண்ணீர் அதன் அடியைத் தொட்டது, பாதிக்கு வந்தது. என் வீட்டுக்காரர் ஜோன் சாக்கும் மண்ணும் போட்டுப் பார்த்தார். இந்தக் கிணறு போனால் இருபது வீடு, பன்னிரண்டு வீடு என்ற பேச்சே இல்லை, எல்லாருக்கும் பேதிதான்.

ஜோன் ஓடிப்போய் விஸ்வலிங்கத்தைக் கூட்டிவந்தார். கிணற்றைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறிப்போனது.

"ஆறு வீடு இவ்வளவு தள்ளாது. கடைசி ஆறையும் பூட்டினது ஆர்?"

"நான் பூட்டலைங்கய்யா, திறந்துதான் விட்டேன். பூட்ட வேண்டாம்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றார் இயேசுதாசன்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். விளங்கிவிட்டது. திட்ட நேரமில்லை. "ஆறையும் அடையும்," என்றார் விஸ்வலிங்கம். அடை என்ற சொல்லில் யாருக்கும் சந்தேகம் வராது.

சொல்வது சுலபம். குழாயை அடைத்தால் அந்தந்த வீட்டுக் கொல்லைத் தண்ணீர் அந்தந்த வீட்டுக்குள்ளேயே ஏறும். புது வரிசையில் ஏழாவது வீட்டுக்காரர் ரவூப், தலைச்சுமையாகத் துணி விற்பவர். வாசலில் கையை அகல வைத்து நின்றார்.

"எல்லா மூட்டையும் தரையில கிடக்கு. மொதல்ல உங்க வீட்டை அடைச்சிட்டு வாங்க, ஓவர்சீயர்."

மற்ற வாசல்களிலும் அதையே சொன்னார்கள். விஸ்வலிங்கம் நேராகத் தன் வீட்டுக்கு நடந்தார், நாங்கள் பின்னால் ஓடினோம்.

கமலாம்பிகை கொல்லையில் குழாய் வாய்க்கு முன்னால் நின்றாள். மழையில் நனைந்து, வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு.

"விலத்து, கமலம். அடைக்கவேணும்."

"எனக்காகத்தான் பூட்டினீங்கள் எண்டு நினைச்சன்."

"இல்லை. அது பிழையா நடந்து போச்சு."

அந்த மனிதருக்குப் பொய் சொல்லத் தெரியாது. அப்போது ஒரு பொய் சொன்னால்தான் என்ன என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அவள் நகரவில்லை. கட்டிய மனைவியைப் பிடித்துத் தள்ள அவருக்குக் கை எழவில்லை. இயேசுதாசன் தலையைக் குனிந்துகொண்டார். நான்தான் வாயைத் திறந்தேன்.

"அம்மா, தண்ணி கிணத்து விளிம்புக்கு நாலு விரக்கடைதான் இருக்கு. நீங்க குடிக்கிற கிணறுதாம்மா."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு ஒரு அடி நகர்ந்தாள்.

இயேசுதாசன் சாக்கைத் திணித்தார். தண்ணீர் அதை ஒதுக்கிக்கொண்டு குழாய்க்குள் இறங்கியது. மறுபடி திணித்தார், மறுபடி இறங்கியது. "சாக்கு மட்டும் நிக்காதுங்கய்யா, சுத்தி இறுக்க நூல்துணி வேணும்," என்றார். கமலாம்பிகை உள்ளே போய் ஒரு பழைய சேலையோடு வந்தாள். துவைத்துத் துவைத்து மெலிந்துபோன நூல் சேலை. விஸ்வலிங்கம் வாங்கக் கையை நீட்டியவர், அதைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டார்.

"இது ஏணைச் சீலையல்லோ."

"ஓம்."

"பிள்ளையள் ரெண்டும் கிடந்த சீலை. வேறை எடு, கமலம்."

"அதுகளைக் கொண்டுபோனது கிணத்துத் தண்ணிதானே," என்றாள் அவள். "பிடியுங்கோ."

அவர் வாங்கவில்லை. அவளே கனத்த வயிற்றோடு முழந்தாளிட்டு, சேலையைச் சாக்கைச் சுற்றி இறுக்கி, இரண்டு கையாலும் குழாய் வாயில் அழுத்தினாள். இயேசுதாசன் மேலே கல்லை வைத்தார். நின்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் கொல்லையில் பரவி, அவளுடைய அடுப்படிக்குள் ஏறியது.

திரும்பிப் பார்த்தால் ரவூப் நிற்கிறார், தோளில் விற்கிற துணிக்கட்டு. "என் வீட்டுக்கும் துணி வேணும்தானே," என்று கட்டை அவிழ்த்தார். அதற்குப் பிறகு ஒரு வாசலிலும் யாரும் தடுக்கவில்லை. ஆறாவது குழாய் அடைபட்டபோது கிணற்று விளிம்புக்கு ஒரு விரல் மிச்சம் இருந்தது. தண்ணீர் அதற்கு மேல் ஏறவில்லை.

மறு வாரம் ஆபீஸில் வெள்ளைக்கார எஞ்சினியர் விசாரித்தார். இயேசுதாசன் பெயரைச் சொல்லியிருந்தால் விஸ்வலிங்கம் தப்பித்திருப்பார். 'பூட்டு' என்பதை அந்தத் துரைக்கு இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று யோசித்துப் பார்த்துவிட்டு, "உத்தரவு என்னுடையது," என்று மட்டும் சொன்னாராம். பதவி ஒரு படி இறங்கியது. பெரிய குழாய் வரும்வரை கடைசி ஆறு வீட்டிலும் வாளிதான், அவர் வீட்டிலும் வாளிதான்.

கமலாம்பிகைக்குப் பெண் பிறந்தது. தொட்டிலாக ஏணை கட்ட அவளிடம் அந்தப் பழைய சேலை இல்லை என்று எனக்குத்தான் தெரியும். என் கல்யாணச் சேலையை எடுத்துக்கொண்டு போனேன். வாங்கி, மூக்கருகே வைத்துப் பார்த்தாள்.

"தோய்ச்சதோ, அக்கா?"

"தோய்ச்சதுதாம்மா."

"எந்தத் தண்ணியிலை?"

"நம்ம கிணத்துத் தண்ணியிலதான்."

தலையை ஆட்டிவிட்டு, சேலையைப் புருஷன் கையில் கொடுத்தாள். விஸ்வலிங்கம் அதைக் கூரை வளையில் கட்ட முயன்றார். இரண்டு முறை சுற்றியும் முடிச்சு விழவில்லை. கடைசியில் நான்தான் கட்டினேன்.