தங்கைக்கு வந்த சத்துமாவு

வறுத்த கோதுமையும் கடலையும் வெல்லமும் சேர்ந்த அந்த மாவை ஒரு பிடி அள்ளி வாயில் போட்டால் அண்ணத்தில் அப்பிக்கொள்ளும். நாக்கால் சுரண்டிச் சுரண்டித்தான் விழுங்க வேண்டும், அந்த நேரம் பார்த்து அம்மா கூப்பிட்டால் தீர்ந்தது கதை. காட்டுப்பாக்கத்துப் 'பால்வாடி'யில் என் தங்கை செல்விக்கென்று கொடுத்த சத்துமாவு அது. அவளுக்கு ஒன்றரை வயது, எனக்கு ஒன்பது. தெருவே அவளை 'நோஞ்சான்' என்றுதான் கூப்பிட்டது.

மாதம் ஒருமுறை பால்வாடி டீச்சர் அவளைத் தொங்கு தராசில் உட்காரவைத்து எடை பார்ப்பார். அதைவிட எனக்குப் பிடித்தது அவரிடம் இருந்த நாடா. குழந்தையின் மேல்கையைச் சுற்றி இழுத்தால் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று ஏதாவது ஒரு நிறத்தில் நிற்கும். பச்சை என்றால் தேறிய பிள்ளை, சிவப்பு என்றால் ஆபத்து. கைச் சுற்றளவு எப்படி உடம்பு முழுவதையும் காட்டிக்கொடுக்கும் என்று எனக்கு ஒரே ஆச்சரியம். டீச்சர் அசந்த நேரத்தில் பூனையின் காலைக்கூட அளந்திருக்கிறேன். சிவப்பு!

"மாவு காச்சி குடுத்துகினுதானே கீறேன், புள்ள தேறவே மாட்டேங்குதே" என்று அம்மா அழுத அன்றுதான் எனக்கு உறைத்தது. மாவில் பாதியைத் தின்றது நான். சொல்லத் தைரியமில்லை. அப்பாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறையில் வேலை, ஆகவே வீட்டில் இரும்பு 'நட்டு'களுக்குப் பஞ்சமில்லை. அடுத்த முறை எடை பார்க்கப் போனபோது பெரிய நட்டு இரண்டைச் செல்வியின் கவுன் பையில் போட்டுவிட்டேன்.

முள் ஏறியது. அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஆனால் போன மாதம் மஞ்சளில் நின்ற நாடா இந்த முறை சிவப்பில் நின்றது.

"இன்னாமா இது, எட ஏறிக்கீது, கை எளச்சிக்கீது?" என்று டீச்சர் செல்வியைத் தூக்க, நட்டு இரண்டும் 'ணங் ணங்'கென்று சிமெண்டுத் தரையில் விழுந்தன. ஐயோ, அந்தச் சத்தம்! எல்லாவற்றையும் உளறிக்கொட்டினேன். அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். இரண்டாவது விழுவதற்குள் டீச்சர் அவள் கையைப் பிடித்தார்.

"அடிக்கிறத அப்பால வெச்சிக்க. செவப்புன்னா வெளாட்டு இல்ல. இன்னிக்கே புள்ளைய ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போ."

அங்கே சில நாள் தங்கவைத்து வைத்தியம் பார்த்தார்கள். வீடு திரும்பிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஒரு நாளைக்கு ஆறு வேளை சாப்பாடு: சத்துமாவுக் கஞ்சியில் ஒரு ஸ்பூன் எண்ணெய், மசித்த முட்டை, பருப்புச் சோறு. அந்தச் சின்ன வயிறு ஒரு வேளைக்குக் கொள்வதே ஒரு பிடிதான், சத்தெல்லாம் அந்த ஒரு பிடிக்குள்ளேயே இருந்தாக வேண்டும் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தப் பிடியைத்தான் நான் தின்றிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. நாடா மஞ்சளைத் தொட்ட அன்று தெரு முழுக்கக் கத்திக்கொண்டு ஓடியவளும் நான்தான்.

அந்தப் பால்வாடி இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது. தொங்கு தராசு எங்கே போயிற்றோ தெரியவில்லை. செல்வி ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறாள், குளியலறை வாசலில் எடை மெஷின் வைத்திருக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை, "அக்கா, ரெண்டு கிலோ கொறஞ்சிட்டேன்!" என்று குதித்துக்கொண்டு வந்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் விரல்கள் தாமாகப் போய் அவள் மேல்கையைச் சுற்றிப் பிடித்தன.

"இன்னாக்கா பண்றே?"

நான் தின்ற கதை அவளுக்கு இன்றுவரை தெரியாது. "ஒண்ணுமில்ல, முட்ட வேக வெக்கட்டா?" என்றேன்.