அம்மா போனில் பார்க்கப் போட்ட மொட்டை

திருத்தணியில், பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் என் சலூனில் நடந்தது இது. மூன்று வருடம் ஆகிறது. கிருத்திகை முடிந்த மறுநாள் மதியம். அப்போது கடையில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். நான். என் மனைவியின் தம்பி. இரண்டாவது நாற்காலி அவனுடையது. பக்கத்துக் கடை பைக் மெக்கானிக் பாய், சவரத்துக்காகக் காத்திருந்தார். என் நாற்காலியில் ஒரு கல்லூரி மாணவன்.

மாணவன் லெசோத்தோ என்ற நாட்டுக்காரன். ஆப்பிரிக்காவில் இருக்கிறதாம். முழுக்க மலையாம். எங்கள் பக்கத்து இன்ஜினியரிங் கல்லூரியில் நான்கு வருடம் படித்து முடித்துவிட்டான். மறுநாள் பட்டமளிப்பு விழா. ஊரிலிருந்து அவன் அம்மா போனில் பார்க்கப்போகிறார்.

அப்போதெல்லாம் வெளிநாட்டுப் பிள்ளைகள் கடைக்கு வருவதில்லை. ஹாஸ்டலில் ஒருவருக்கொருவர் வெட்டிக்கொள்வார்கள். இவனுக்கு வெட்டிவிடும் நண்பன் முன்பே ஊருக்குப் போய்விட்டான்.

"அண்ணா, எங்காளுங்க முடி வெட்டிக்கீறீங்களா?" என்று கேட்டான். எங்கள் ஊர்ப் பேச்சு அப்படியே வந்தது.

"ஆங், உட்காரு தம்பி" என்றேன்.

வெட்டியதில்லை. கை மேல் இருந்த திமிர்தான் அப்படிச் சொல்ல வைத்தது.

சுருட்டை முடி. எல்லாருக்கும் செய்வதுபோல் தண்ணீர் அடித்து, சீப்பால் இழுத்துப் பிடித்துக் கத்தரி போட்டேன். ஈரத்தில் சமமாகத் தெரிந்தது. காயக் காய ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். அதைச் சரிசெய்யப் போய், இடது காதுக்கு மேல் மெஷின் ஆழமாகப் பட்டுத் தோல் தெரிந்துவிட்டது.

"இன்னா பாவா, எலி மேஞ்ச மாதிரி கீது" என்றான் மைத்துனன்.

பாய் தாடையைத் தடவிக்கொண்டார். "நான் நாளைக்கு வரேன்ப்பா" என்றார். ஆனால் எழுந்து போகவில்லை.

தோல் தெரிந்த பிறகு ஒரே வழிதான். "மொட்டை போட்டுக்கோ தம்பி. இந்த ஊர்ல பாதி பேரு மொட்டைதான். சந்தனம் பூசிக்கினு போனா ஒருத்தரும் ஏன்னு கேக்க மாட்டாங்க" என்றேன். பதினைந்து வருடம் மலைக்கோவிலில் பக்தர்களுக்கு மொட்டை போட்டவன் நான். மொட்டை என்றால் எனக்கு வேண்டுதல்.

அவன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபப்படவில்லை.

"எங்க ஊர்ல வீட்ல சாவு விழுந்தாதான் அண்ணா மொட்டை. எங்க அண்ணன் பக்கத்து நாட்டுல சுரங்கத்துல வேலை செய்றாரு. நைனா போனதும் அதே சுரங்கத்துலதான். அம்மா என் தலையைப் பாத்தா, அண்ணனும் போயிட்டாரு, எனக்குத் தெரிஞ்சும் மறைக்கிறேன்னு நெனைச்சுக்கும்."

எங்களிலும் அப்பா இறந்தால் பிள்ளைக்கு மொட்டை. சுடுகாட்டில் நானே போட்டிருக்கிறேன். இருந்தும் அது எனக்குத் தோன்றவில்லை. கத்தியைக் கீழே வைத்தேன்.

"தொப்பி போட்டுக்கினு போயேன்" என்றான் மைத்துனன்.

"கழட்டுன்னு சொல்லும் அம்மா."

"அப்போ அண்ணனுக்குப் போன் போடு. அவரே அம்மாகிட்ட பேசட்டும்" என்றார் பாய்.

"உள்ள எறங்கிட்டாரு பாய். மேல வர ராத்திரி ஆவும். அம்மா சாயங்காலமே போன்ல கூப்பிடும்."

பிறகு அவனே சொன்னான்: "அண்ணா, இப்பவே போடுங்க. அம்மா பாத்துக்கினு இருக்கும்போதே போடுங்க. எதுக்குன்னு கண்ணால பாத்துட்டா பயப்படாது."

தலையில் என் துண்டைச் சுற்றிக்கொண்டான். போனைப் பாய் கையில் கொடுத்தான். தோளில் கம்பளி போர்த்திய ஓர் அம்மா போனில் தெரிந்தார். அவர்கள் பாஷையில் நிறைய நேரம் பேசினான். பிறகு துண்டை எடுத்தான்.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அடுத்த நிமிடம் தோள் குலுங்கச் சிரித்தார். பாயும் சிரித்தார். அவர் கையில் போன் ஆடியது.

கத்தியில் புது பிளேடு மாற்றி, மொட்டை போட ஆரம்பித்தேன். பின்பக்கம் வந்தபோது அம்மா போனில் சத்தம் போட்டார். கையை நிறுத்தினேன்.

"பின்னாடி ஒரு தழும்பு கீது அண்ணா. சின்ன வயசுல கழுதை மேலேருந்து விழுந்தேன். அங்க மெதுவா போடச் சொல்லுது."

தடவிப் பார்த்தேன். இருந்தது. இரண்டு விரல் நீளம். தலை என் கையில் இருந்தும் நான் பார்க்கவில்லை. எங்கோ இருந்த அம்மாவுக்கு அது எந்த இடம் என்று தெரிந்தது.

முடிந்ததும் அம்மா என்னைக் கூப்பிட்டார். இரண்டு கையையும் சேர்த்துத் தலை குனிந்து ஏதோ சொன்னார். மகன் அப்படிக் கும்பிடச் சொல்லிக்கொடுத்திருப்பான். நானும் கும்பிட்டேன்.

போனை வைத்த பிறகு கேட்டேன். "இன்னா சொன்னாங்க?"

"எம்புள்ள தலையை அசிங்கம் பண்ணிக்கினான், நீங்க சரி பண்ணீங்க, நல்லா இருக்கணும்னு சொல்லிச்சு."

"நீயா பண்ண?"

"நானே ஹாஸ்டல்ல வெட்டிக்கினேன்னு சொல்லிட்டேன் அண்ணா. நாலு வருஷம் சோறு போட்ட ஊரு. கடைசி நாள்ல அம்மா வாயில திட்டு வாங்கக் கூடாது."

மைத்துனன் தலையைக் குனிந்துகொண்டு தரையைப் பெருக்க ஆரம்பித்தான். பாய் மட்டும், "நீ படிச்சது வீண்போகலப்பா" என்றார்.

மறுநாள் சாயங்காலம் மொட்டையோடு, கையில் பட்டத்தோடு வந்தான். அம்மா விழாவைக் கடைசிவரை பார்த்தாராம். அண்ணனும் பேசினாராம். ஊருக்குக் கிளம்புமுன் நின்று, அவர்கள் முடியை எப்படி வெட்டுவது என்று எனக்கும் மைத்துனனுக்கும் சொல்லிக்கொடுத்தான். தண்ணீர் அடிக்கக் கூடாது. முதலில் மெஷின், கடைசியில்தான் கத்தரி. இரண்டு முறை சொன்னான்.

நான் ஐந்தாவதோடு நின்றவன். அவனுக்கு என் வயதில் பாதி. என் தப்பை எடுத்துத் தன் தலைமேல் போட்டுக்கொண்டு, என் முகம் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனான். அவன் அம்மா வைத்த கும்பிடு எனக்குச் சேராதது. அதற்கு ஏற்றவனாக ஆகப் பார்க்கிறேன். வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்தால், தலையில் எங்காவது தழும்பு இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் இப்போது கை வைக்கிறேன். இதுவரை பதினொரு பேர்.