ரயரில் காற்றுப் போகாத பதினான்கு தடவைகள்

சீவரத்தினம் 1949இல் அச்சுவேலியில் பிறந்தவர். இருபத்தோராவது வயதில் சாரதியானார். ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை என்று சொல்வார். நான் விசாரித்த அளவில் அது சரி. 1988 முதல் வல்வெட்டித்துறைத் தில்லைநாதனின் மினிபஸ்ஸை ஓட்டினார். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் மினிபஸ் சங்கத்தின் நேரக் கணிப்பாளராக நான் இருந்தேன். வண்டி வந்த நேரம், போன நேரம், பிந்தினால் காரணம் எல்லாம் என் புத்தகத்தில் இருக்கும்.

அவருக்கு ஒற்றைத் தலையிடி இருந்தது. முதலில் இடது கண்ணின் ஓரத்தில் ஒரு புள்ளி மினுங்கும். அது வளைந்து வளைந்து பெருகி, ரோட்டின் இடது பாதியை மறைத்துவிடும். இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் பார்வை திரும்பும். பிறகு மண்டையின் ஒரு பக்கம் இடிக்கத் தொடங்கும். பொருளாதாரத் தடையால் டீசல் இல்லாமற்போய் வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கியபின், அந்தப் புகையில் நோய் இரட்டித்தது. இதெல்லாம் நான் பிந்தி அறிந்தவை.

தில்லைநாதன் முன்னரே அறிந்திருந்தார். அவருடைய தாயாருக்கும் இதே நோய். சீவரத்தினத்திடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: "கண் மினுங்கினால் உடனை ஓரங்கட்டு. ஆர் கத்தினாலும் எடுக்காதை. பார்வை வந்தாப்பிறகு மெல்லமாய் வா." சாரதிக்குக் கண் தெரியவில்லை என்று சனம் அறிந்தால் ஒருவரும் ஏறமாட்டார்கள். ஆகவே கொண்டக்டர் யாகோப்பு ஜாக்கியை எடுத்து, நல்ல சில்லு ஒன்றைக் கழற்றி, திரும்பப் பூட்டுவான். சீவரத்தினம் பின் ஆசனத்தில் ஈரத்துவாயைக் கண்ணில் போட்டுக்கொண்டு படுத்திருப்பார்.

"யாகோப்பு, உந்தச் சில்லு உன்னைக் கண்டாலே கழலுது போல" என்று சனம் பகிடி விடும்.

"உங்கடை பாரந்தான் அக்கா" என்பான் அவன்.

என் புத்தகத்தில், "ரயர் காற்றுப் போனது" என்று பதியும்.

1992 ஜூன் முடிவில் அரையாண்டுப் பதிவுகளைக் கூட்டிப் பார்த்தேன். அந்த ஒரு வண்டிக்குப் பதினான்கு தடவை காற்றுப் போயிருந்தது. மற்றப் பதினொரு வண்டிகளுக்கும் சேர்த்து ஒன்பது. ரயர் கிடையாத காலம். ஒட்டுப்போடும் பசைக்கே சங்கத்தில் வரிசை. அந்த வரிசையில் தில்லைநாதன் ஒருநாளும் நின்றதில்லை. என் புத்தகத்தில் பிழை இருக்கிறது என்ற எண்ணம் என்னைச் சாப்பிட விடவில்லை.

ஜூலை 7ஆம் திகதி, என் லீவு நாளில், அந்த வண்டியில் ஏறினேன். வல்லை வெளி தாண்டி, 11.42க்கு வண்டி நின்றது. இறங்கிப் போய்க் கழற்றிய சில்லை அமத்திப் பார்த்தேன். கல்லுப்போல் இருந்தது. யாகோப்பு எல்லாவற்றையும் சொல்லிவிட்டான், பதினான்கையும்.

சீவரத்தினம் துவாயை விலக்காமலே கதைத்தார். "அண்ணை, ரயர் எண்டே இருக்கட்டும். பொய்தான். ஆனா இந்தப் பொய்யாலை ஒருத்தருக்கும் கீறல் காயம் இல்லை."

"கண்டதை எழுதாமல் விடேலாது தம்பி. எழுதினால்தான் சங்கம் ஒரு உதவிச் சாரதியைத் தரும்."

"தருவினமோ?"

"ஏன் தராயினம்?" என்றேன். அதை நான் உண்மையாகவே நம்பினேன்.

பதினான்கு பதிவுகளையும் சிவப்பு மையால் திருத்தினேன். பதினைந்தாவதை இப்படி எழுதினேன்: "சாரதிக்குக் கண் தெரியாமற் போனதால் வண்டி நிறுத்தப்பட்டது. 23 நிமிடம். உதவிச் சாரதி தேவை."

19ஆம் திகதி சங்கம் கூடியது. செயலாளர் தியாகலிங்கம் புத்தகத்தை விரித்துவைத்து முதல் மூன்று சொற்களை மட்டும் வாசித்தார்.

"கண் தெரியாதவனைக் கொண்டோ பஸ் ஓட்டுறாய்?"

"கண் தெரியாத நேரம் அவன் ஓட்டேல்லை. நிப்பாட்டினவன்" என்றார் தில்லைநாதன். "உங்கடை றைவர்மாரிலை ஆர் தலை சுத்தினால் நிப்பாட்டுறான், சொல்லுங்கோ?"

"தலையிடி எண்டால் ஒரு பனடோலைப் போடச் சொல்லு."

"பனடோல் எங்கை கிடக்கு? உங்கடை மடியுக்கையோ?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தபின், சீவரத்தினம் ஓட்டினால் நிலையத்தில் அந்த வண்டிக்கு ஓட்டமுறை இல்லை என்று தீர்மானித்தார்கள். உதவிச் சாரதி பற்றி நான் எழுந்து சொன்னேன். "அது உம்மடை வேலையில்லை" என்றார் செயலாளர். அதுவும் சரிதான்.

தில்லைநாதன் பதினொரு நாள் வண்டியை முற்றத்தில் நிறுத்தி வைத்திருந்தார். பன்னிரண்டாம் நாள் சீவரத்தினத்தின் வீட்டுக்குப் போய், தன் கடையில் நிற்கும்படி கேட்டார். அந்தக் கடையில் பாதி வியாபாரம் மண்ணெண்ணெய். போத்தல் போத்தலாய் ஊற்றிக் கொடுக்கவேண்டும். முதற்கிழமையில் மூன்று தடவை நோய் வந்தது. நல்ல மனிதனுக்குக் கரைச்சல் கொடுக்கக்கூடாது என்று அவராகவே வேலையை விட்டு நின்றுகொண்டார். இதை அவருடைய மனைவி குணலட்சுமி எனக்குச் சொன்னார். வாசலில் நிற்கவைத்துத்தான் சொன்னார். உள்ளே வரும்படி கேட்கவில்லை.

அதன்பிறகு நான் விலகும்வரை, இரண்டு வருடத்துக்கு மேல், சாரதிக்குச் சுகமில்லை என்று ஒரு பதிவும் என் புத்தகத்தில் இல்லை. அதற்காக ஒரு வண்டிகூட நிறுத்தப்படவில்லை. சாரதிமாருக்கு நோய் இல்லாமற்போனதாக நான் நினைக்கவில்லை.

சீவரத்தினம் கொடிகாமத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குச் சைக்கிளில் விறகு கட்டிக்கொண்டுபோய் விற்றார். முழு வெயிலில், ஒரு நடைக்கு இருபத்தைந்து கிலோமீற்றருக்குக் கிட்ட. 1994 மே 11, மதியம் பன்னிரண்டு மணிக்கு நாவற்குழிப் பாலத்தில் அவரைக் கண்டேன். கடல்நீரில் பட்ட வெயில் கண்ணில் குத்தியது. விறகுச் சைக்கிளை ஒரு கையாலும், கைபிடிச் சுவரை மறு கையாலும் பிடித்துக்கொண்டு தலையைச் சரித்துப் பார்த்தார். குரலை வைத்துத்தான் என்னை அறிந்தார்.

"கண் மினுங்குதோ?"

"ஓம். இடப்பக்கம் ஒண்டும் இல்லை."

"கொஞ்சம் இரும், தம்பி. இருபது நிமிசந்தானே."

"இருந்தால் எழுதுவியளோ அண்ணை?" என்று சிரித்தார். பிறகு, "பன்ரண்டரைக்குப் பிந்தினால் விறகு எடுக்கிற அந்தாள் வேறை ஆளிட்டை வாங்கிப்போடும்" என்றார்.

ஏறி மிதித்தார். பாலம் முடியும் இடத்தில் இடது பக்கத்தால் ஒரு பெண் தண்ணீர்க் குடத்துடன் வந்தாள். அவர் காணவில்லை. அவள் கத்திக்கொண்டு விலகினாள். அவர் சத்தம் வந்த பக்கம் திரும்பாமலே போனார்.