பதினான்கு முழ ஹால்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் முகத்துக்கு நேரே சிரிக்கிற ஆள் நான், இப்போதும் அப்படித்தான். நீங்களும் சிரிக்கலாம், கேட்டு முடித்த பிறகு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், சேலத்தில் ஒரு கல்லூரி முதல்வர் குடியிருக்கும் பங்களாவுக்கு ஜமக்காளம் கேட்டார்கள். எந்தக் காலத்திலோ ஒரு கலெக்டர் கட்டிய வீடு, முட்டை வெள்ளைக்கரு குழைத்துப் பூசிய சுண்ணாம்புச் சுவர், கை வைத்தால் வழுக்கும். ஹாலுக்குச் சரியாக அமைந்தால் கல்லூரி விடுதி முழுவதற்கும் நானே நெய்யலாம் என்று பேச்சு. இல்லையென்றால் எடப்பாடியில் என் ஆறு தறியையும் நிறுத்த வேண்டியதுதான்.

அளக்கப் போனது நட்டநடுப் பகல், புது முதல்வர் இன்னும் குடிவரவில்லை. முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றை ஹாலுக்குள் வீசிவிட்டு, வாசல் பக்கச் சுவரோரம் குத்தவைத்து, "ஆராச்சும் அந்தத் தலப்பப் புடியுங்க" என்றேன். "புடிச்சுட்டனுங்க, எண்ணுங்க" என்று ஒரு பெண் குரல், கயிறு விறைத்தது. அளக்கும்போது நான் அறையைப் பார்ப்பதில்லை, முடிச்சை மட்டும்தான் பார்ப்பேன், எங்கள் தொழிலில் அதுதான் வழக்கம். பதினான்கு முழம்.

நெய்து கொண்டுபோய் விரித்தால் மூன்று முழம் சுவரில் முட்டி மடங்கி நிற்கிறது. முதல்வர், "அளக்கவே தெரியலையே, உங்களை நம்பி விடுதியை எப்படிக் கொடுக்கறது?" என்றார். காவலாளி வேறு, "அன்னைக்கு இந்த ஊட்டுல பொம்பளையாளே இல்லீங்களே" என்கிறான். எனக்கு மானம் போன கோபம். "என்ற கவுறு பொய் சொல்லாதுங்க, செவுருதானுங்க தப்பு" என்று கத்தியே விட்டேன். நம்பினால் நம்புங்கள், அவர் கைத்தடியால் சுவரைத் தட்டினார், உள்ளே காலியாகக் கிடக்கிற சத்தம் கேட்டது.

கொத்தனார் வந்து இடித்தார். பின்னால் மூன்று முழ இடம், இன்னொரு சுவர், அதில் ஒரு ஜன்னல், வேறொன்றும் இல்லை. யார் மறைத்துக் கட்டியது, எதற்கு என்று யாருக்கும் தெரியவில்லை. ஜமக்காளத்தை இழுத்து விரித்தேன், அளவு கச்சிதம். விடுதி வேலையும் எனக்கே என்று முதல்வர் அங்கேயே சொல்லிவிட்டார்.

தூரத்து மூலை ஒன்று மட்டும் மடங்கியிருந்தது. பிடித்து இழுத்தேன், வரவில்லை. மேலே யாரும் இல்லை, ஆனால் ஆள் நிற்கிற கனம். பயந்துதான் போனேன், ஒத்துக்கொள்கிறேன். மெதுவாக, "சித்த நகருங்கம்மா" என்றேன்.

துணி சட்டென்று கைக்கு வந்தது. இன்றைக்கும் யார் வீட்டில் ஜமக்காளம் விரித்தாலும், கடைசி மூலையை மட்டும் நான் இழுப்பதில்லை, வேறு ஆளை விட்டுவிடுவேன்.