லாரிக்காரருக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டியவர். காவேரிப்பட்டினத்துக்காரர். கிரானைட் பாளமோ மாம்பழக்கூழ் பீப்பாயோ ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்குப் போனால் திரும்ப நாலைந்து நாளாகும். ஒரு மழைநாளில் லோடின் மேல் ஏறித் தார்ப்பாயை இழுத்துக் கட்டும்போது கயிறு அறுந்து கீழே விழுந்தார். முதுகுத்தண்டில் அடி. உயிர் பிழைத்தார், கால்கள் பிழைக்கவில்லை. அன்றிலிருந்து அவருக்குக் கட்டிலும் சக்கர நாற்காலியும்தான்.

நான் கோவில்பட்டிப் பக்கத்தவள். வேலைக்காக ஓசூர் வந்து, இங்கேயே அவரைக் கட்டிக்கொண்டு, இங்கேயே தங்கிவிட்டவள். வண்டிகளுக்கு ஒயரிங் செய்கிற கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். மூக்கண்டப்பள்ளியில் ஒரு வாடகை வீட்டின் கீழ்ப்பகுதியில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். காலையில் கம்பெனி வேன் ஏறினால் சாயங்காலம் வரை அவர் தனியாகத்தான் இருப்பார். பக்கத்து வீட்டு அக்கா மதியம் ஒருமுறை எட்டிப் பார்ப்பார்.

எங்கள் மாடியில் ஓர் இன்ஜினியர் குடியிருந்தார், மதுரைக்காரர். புனேவுக்கு வேலை மாற்றிப் போகும்போது தன் பழைய கேமிங் கம்ப்யூட்டரை எங்களிடம் தள்ளிவிட்டுப் போனார். "அண்ணனுக்குப் பொழுது போகும்க்கா" என்றார். அதில் ஒரு லாரி ஓட்டும் விளையாட்டும், மேசையில் பிடித்து முடுக்குகிற ஒரு ஸ்டியரிங்கும் இருந்தன. ஆக்சிலேட்டரையும் பிரேக்கையும் காலால் மிதிக்க வேண்டியதில்லை, ஸ்டியரிங்கின் பின்னால் இருக்கும் இரண்டு பட்டைகளை விரலால் இழுத்தால் போதும் என்று மாற்றி அமைத்துக் கொடுத்தார். அன்றைக்கு அவர் செய்த அந்த உபகாரத்தை நான் மறக்க மாட்டேன்.

முதல் வாரம் என் வீட்டுக்காரர் அதைத் தொடவில்லை. "பொம்ம வண்டி" என்று ஒதுக்கிவிட்டார். அப்புறம் ஒருநாள் நான் வேலை முடிந்து வரும்போது ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து முன்னால் போகிற காரைத் திட்டிக்கொண்டிருந்தார். வெளிநாட்டு ரோடுகள். வாயில் நுழையாத ஊர்களுக்கெல்லாம் அவராக ஒரு பெயர் வைத்துக்கொண்டார். டீசல் போடுவார், ஓரம்கட்டித் தூங்குவார், சொன்ன நேரத்துக்கு லோடு இறக்குவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அடுப்படியில் இருக்கும்போது, "மழ வந்துகினு கீதுமே!" என்று கத்தினார். கொடியில் கிடந்த துணியை எடுக்க ஓடினேன். வெளியே சுள்ளென்று வெயில். மழை அவர் ஓட்டிக்கொண்டிருந்த ரோட்டில் பெய்துகொண்டிருந்தது. விழுந்ததற்குப் பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

இரண்டு வருஷம் போல ஓடிய அந்தக் கம்ப்யூட்டர் போன தீபாவளி முடிந்த கையோடு மக்கர் செய்தது. திரையில் முதலில் பச்சையும் சிவப்புமாகக் கோடுகள் வந்தன, பிறகு ஒன்றுமே வரவில்லை. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு காம்ப்ளக்ஸின் மாடியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை இருக்கிறது. ஆட்டோவில் வைத்துக் கொண்டுபோனேன். கடைக்காரர் ஐம்பது வயதுக்காரர், ஓசூர்க்காரர். வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ், போனில் கன்னடம். கழற்றிப் பார்த்துவிட்டு, "கிராபிக்ஸ் கார்டு போச்சு மேடம். கார்டு இல்லாம பில் போடலாம், படம் பாக்கலாம். கேம் மட்டும் ஆகாது" என்றார்.

"அந்த ஒண்ணுக்குத்தாங்க இந்தப் பெட்டியே" என்றேன்.

அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது பழசு மேடம். இப்ப வர்ற புது கார்டெல்லாம் இதுக்கு ஓவர். போன வருஷத்த விட வெல வேற ஏறிப்போச்சு. பெங்களூர்ல செகண்ட்ஹேண்ட்ல பாருங்க, கெடைக்கும்."

புனே இன்ஜினியருக்கு போன் போட்டேன். அவர் பொறுமையாகத்தான் பேசினார். எத்தனை ஜிபி, எத்தனை வாட்ஸ், எந்த நம்பர் கார்டு என்று நீளமான குரல் செய்திகள் அனுப்பினார். வேனில் போகும்போது காதில் வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்பேன். வார்த்தைகள் மனப்பாடம் ஆயின. அர்த்தம் ஆகவில்லை. நாள் முழுக்க கனெக்டரும் ஒயருமாகப் பார்க்கிறவள் நான். எந்தப் பின் ஒரு மயிரிழை வளைந்திருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இந்தக் கார்டு விஷயத்தில் அந்தக் கண் எதற்கும் உதவவில்லை.

வீட்டில் அவரைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது. ஸ்டியரிங்கின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடி வைத்திருந்தார். டிவியைப் போட்டால், "நிறுத்துமே, தல வலிக்குது" என்பார். பக்கத்து வீட்டு அக்கா, "மத்தியானம் கூப்ட்டா பதிலே சொல்ல மாட்டேங்கறாரு" என்றார்.

கம்ப்யூட்டர் சாமான் விற்கிற பெங்களூர்க் கடைத்தெரு ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும் என்று ரிப்பேர் கடைக்காரர் சொன்னதால் ஒரு செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டுப் போனேன். மாநில எல்லையான அத்திப்பள்ளியில் நெரிசலில் பஸ் நகரவே இல்லை. தெருவைக் கண்டுபிடித்துப் போய்ச் சேரும்போது உச்சி வெயில். சந்துக்குள் சந்தாகக் கடைகள். இன்ஜினியர் சொன்ன நம்பரை நாலு கடையில் காட்டினேன். மூன்று கடையில் இல்லை என்றார்கள். நாலாவது கடைக்காரர், "அது யாக்கே மேடம், அது எதுக்கு? இதைப் பாருங்க" என்று இரண்டு விசிறி வைத்த பெரிய கார்டு ஒன்றை எடுத்தார். அவர் பாதி தமிழ், பாதி கன்னடம். தன் மேசைக் கம்ப்யூட்டரில் மாட்டி ஒரு சண்டை விளையாட்டை ஓடவிட்டார். படம் தண்ணீர் மாதிரி ஓடியது. இன்ஜினியருக்குப் போட்டோ அனுப்பினேன். "நல்ல கார்டுக்கா, ஆனா பழசு, எப்படி யூஸ் பண்ணிருக்காங்கன்னு தெரியாது" என்று பதில் வந்தது.

"எப்படி யூஸ் பண்ணுனாங்க?" என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

"ஒரே ஆளு மேடம், வீட்ல வெச்சிருந்தாரு."

"வாரண்டி?"

"டெஸ்டிங் வாரண்டி. இங்கே பாத்து எடுத்துக்கணும். போன மேலே வாபஸ் இல்ல."

நானும் பார்த்துத்தானே எடுக்கிறேன் என்று நினைத்தேன். வேறென்ன பார்க்க வேண்டும் என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

வாங்கிக்கொண்டு வந்து காட்டியதும் ஓசூர்க் கடைக்காரர் கார்டைத் திருப்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அதற்குத் தனியாகக் கரண்ட் போகிற ப்ளக் வேண்டும், எங்கள் பெட்டியின் பவர் சப்ளையில் அந்த ப்ளக் இல்லை. ஆறு ஓட்டை ப்ளக். நான் தினமும் நூற்றுக்கணக்கில் பார்க்கிற வகை. கண்ணால் பார்த்ததும் எனக்கே புரிந்துவிட்டது. பெங்களூரில் ஏன் அதைப் பார்க்கத் தோன்றவில்லை என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது. புது பவர் சப்ளையும் வாங்கினேன். போனஸில் எடுத்து வைத்திருந்ததில் பெரும்பகுதி தீர்ந்தது.

ஆனால் வண்டி ஓடியது. அந்த ஒரு வாரத்தை நான் சொல்லியாக வேண்டும். முன்பு இல்லாத புல்லும் மரமும் ரோட்டோரத்தில் வந்தன. ஈர ரோட்டில் எதிர் வண்டியின் வெளிச்சம் விழுந்து நெளிந்தது. வேலை முடிந்து வந்தால் கைகால்கூடக் கழுவ விடமாட்டார். "வாமே, இந்தப் பாலத்தப் பாரு. கீழ கப்பல் போவுது பாரு" என்பார். நான் கட்டில் ஓரம் உட்கார்ந்து அவரோடு பாலத்தைக் கடப்பேன். பக்கத்து வீட்டு அக்காவையும் கூப்பிட்டுக் காட்டினாராம்.

எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ, நான் வந்தபோது திரை முழுக்கச் சதுரம் சதுரமாக நிறங்கள். வண்டி அதற்குள் எங்கோ ஓடிக்கொண்டிருந்தது, சத்தம் மட்டும் வந்தது. அவர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார்.

"நா ஒண்ணும் பண்ணலமே" என்றார். "சும்மா ஓட்டிகினுதான் இருந்தேன்."

ஐம்பது டன் ஏற்றிக்கொண்டு தொப்பூர்க் கணவாய் இறங்கிய ஆள், ஜாடியை உடைத்த பிள்ளை மாதிரி என்னைப் பார்த்துச் சொன்ன அந்த வார்த்தையை என்னால் தாங்க முடியவில்லை.

"நீங்க என்ன பண்ணுவீங்க? நான் பாக்கேன், விடுங்க" என்றேன்.

என்ன பார்ப்பது? பெங்களூர்க் கடைக்காரருக்கு போன் போட்டேன். "மேடம், டெஸ்ட் பண்ணித்தானே கொடுத்தோம்?" என்றார். மறுபடி போட்டால் எடுக்கவில்லை. ஓசூர்க் கடைக்காரர் விசிறியைக் கழற்றிக் காட்டினார். உள்ளே ஏதோ கறுத்துப்போயிருந்தது. ராவும் பகலுமாக எங்கேயோ மாசக்கணக்கில் நிற்காமல் ஓடிய கார்டு என்றார். ஆளைக் குறை சொல்கிற குரல் இல்லை அது. தினமும் பார்க்கிற நோயைச் சொல்கிற டாக்டர் குரல்.

"புதுசாவே ஒண்ணு எடுத்துக்குங்க மேடம். சின்னதா இருந்தாலும் பரவால்ல" என்று இரண்டு பெட்டிகளை மேசையில் வைத்தார். ஒன்று கொஞ்சம் விலை கூட, நன்றாக ஓடும். ஆனால் எங்கள் பெட்டிக்குள் இருக்கும் பழைய போர்டு அதை ஏற்றுக்கொள்ளலாம், கொள்ளாமலும் போகலாம். பெட்டியைப் பிரித்துவிட்டால் திருப்பி எடுக்க மாட்டார்கள். இன்னொன்று சின்னது, விலை குறைவு. எந்தப் போர்டிலும் கட்டாயம் ஓடும், ஆனால் மெதுவாக ஓடும்.

"ஏத்துக்குமா ஏத்துக்காதான்னு எப்படிங்க தெரிஞ்சுக்கிறது?"

"போட்டுப் பாத்தாதான் மேடம் தெரியும்."

"போட்டுப் பாத்தா வாங்கியாவணும்."

"அதே" என்றார். சொல்லிவிட்டு அவருக்கே சங்கடமாகி, எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

புனேவுக்கு அடித்தேன். மீட்டிங்கில் இருக்கிறேன் என்று செய்தி வந்தது, அவ்வளவுதான். வீட்டுக்கு அடித்தேன்.

"ஏங்க, ரெண்டு இருக்கு. ஒண்ணு நல்லா ஓடும், ஆனா ஓடாமலும் போவலாங்காரு. இன்னொண்ணு சுமார்தான், ஆனா கட்டாயம் ஓடுமாம். எதை வாங்கட்டும்?"

"எனுக்கு இன்னா தெரியும்? நீயே பாத்து வாங்கினு வாமே" என்றார். பிறகு, "வோணான்னாலும் உட்ரு. தேவல" என்றார்.

வேண்டாம் என்றால் விட்டுவிடு என்று சொன்னதும் போனை வைத்துவிட்டேன். கம்பெனியில் ஒரு பீஸைக் கையில் எடுத்தால் பாஸா ரிஜெக்டா என்று உடனே சொல்லிவிடுவேன். இந்த இரண்டு பெட்டிகளையும் மாற்றி மாற்றி எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அட்டையில் தீப்பொறி பறக்கிற படம் இரண்டிலும் ஒரே மாதிரி இருந்தது. மறுபடியும் கறுப்புத் திரையோடு அவர் முன்னால் போய் நிற்க எனக்குத் தெம்பில்லை. கட்டாயம் ஓடும் என்று சொன்னதை வாங்கினேன்.

ஓடியது. கடைக்காரர் நல்லவர், வீட்டுக்கே வந்து மாட்டி விளையாட்டைப் போட்டுப் பார்த்தார். படம் திக்கித் திக்கி நின்றது. அவர் ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வந்தார். புல் போயிற்று, நிழல் போயிற்று, தூரத்து மலை போயிற்று. அப்போதும் திக்கியது. கடைசியில் லாரியின் பக்கக் கண்ணாடிகளை நிறுத்தினார். கண்ணாடியில் பின்னால் உள்ள ரோட்டையும் அது தனியாக வரைய வேண்டியிருக்கிறதாம், அதற்குத்தான் நிறைய சக்தி போகிறதாம். நிறுத்தியதும் படம் சீராக ஓடியது. இரண்டு கண்ணாடியும் கரும்பலகை மாதிரி இருந்தன.

"இப்ப ஓகேவா சார்?" என்று கடைக்காரர் கேட்டார்.

"ஓகே சார், ஓகே" என்று இவர் தலையாட்டினார். அவர் போனதும் என்னிடம், "கண்ணாடி இல்லாம இன்னா வண்டி அது" என்றார். அதற்குள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பழகிக்கலாம், வுடு" என்றார்.

இப்போது அப்படித்தான் ஓட்டுகிறார். ரிவர்ஸ் எடுப்பதில்லை. லோடு இறக்கும் இடம் வந்தால் நிறுத்துகிற வேலையை விளையாட்டே செய்துகொள்ளும்படி ஒரு பொத்தானை அழுத்திவிடுகிறார். முன்பெல்லாம் அதை அவர் சீந்தியதே இல்லை. கடைக்காரரிடம் ஒருமுறை இன்னொரு கார்டைப் பற்றி விசாரித்தேன். அந்தப் பழைய பெட்டியை இதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது, எல்லாமே மாற்ற வேண்டும் என்று சொன்னார். அதை வீட்டில் சொல்லவில்லை.

போன வாரம் வேலை முடிந்து வந்தபோது திரையில் லாரி ரோட்டோரமாக நின்றுகொண்டிருந்தது. இண்டிகேட்டர் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. இவர் ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார். மறுபடியும் பழுதாகிவிட்டதோ என்று நினைத்தேன்.

"என்னங்க, வண்டி நின்னுட்டா?"

"நிக்கல. நான்தான் நிறுத்திகினு கீறேன்" என்றார். "ரோட்ல ஏறணும். பின்னாடி இன்னா வருதுன்னு தெரில. வர்றதெல்லாம் போவட்டும்னு பாக்கறேன்."

சாப்பாட்டுக் கூடையைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு கார் போனது, சிறிது நேரம் கழித்து ஒரு பஸ் போனது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. அவர் அப்போதும் வண்டியை எடுக்கவில்லை.