இரண்டு விரல் இல்லாத சாட்சி

இருபது வருஷமாகப் பல்கலைக்கழகத்தில் போரும் சமாதானமும் பாடம் நடத்தியிருக்கிறேன். எந்த நாடு எந்த நாட்டை ஏன் அடித்தது என்று கேட்டால் மூச்சு விடாமல் சொல்வேன். அடிபட்ட உடம்பைப் பக்கத்தில் பார்த்தது கிள்ளான் நகரில், ஒரு மருத்துவமனைப் படுக்கையில்தான்.

படுத்திருந்தவர் தையல்காரர். பழைய தேர்தல் ஒன்றில் நடந்த வெட்டுக்குத்தைப் பற்றி என் புத்தகத்துக்குச் சாட்சி சொன்னவர். ஒருத்தன் பாராங் கத்தியை வீசி ஆளை வெட்டிக் கொன்றதைக் கண்ணால் பார்த்தவர். தடுக்கப் போய் இடது கையில் இரண்டு விரலை இழந்தவர். வெட்டியவன் இன்றைக்கு ஊரில் பெரிய புள்ளி. "உங்க பேரு வராதுண்ணே" என்று சத்தியம் செய்துதான் அவரைப் பேச வைத்தேன். பெயர் வரவில்லை, 'சாட்சி நான்கு' என்றுதான் போட்டேன். அதோடு விட்டேனா? ஆய்வு வழக்கம் என்று அடிக்குறிப்பில் விவரம் சேர்த்தேன்: கிள்ளானில் தையல் கடை, இடது கையில் இரண்டு விரல் இல்லை. அட மடையா! அந்தத் தெருவில் எத்தனை பேருக்கு அப்படி ஒரு கை இருக்கும்?

யாரோ அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் விட்டார்கள். மறுநாள் பட்டப்பகலில் மூன்று பேர் கடைக்குள் புகுந்தார்கள். மிச்சமிருந்த நல்ல கையைத் தையல் மிஷின் மேல் அழுத்திப் பிடித்து, இரும்புக் குழாயால் அடித்து நொறுக்கினார்கள்.

நான் அறைக்குள் நுழைந்ததும் அவர் மனைவி பாய்ந்து வந்து கன்னத்தில் அறைந்தார். என் கண்ணாடி தெறித்து விழுந்தது.

"படிச்ச மனுஷன்தானே நீ? பேர மறைச்சிட்டு கையக் காட்டிக் கொடுத்துட்டியே, பாவி!"

இரண்டாவது அறையையும் வாங்கிக்கொண்டேன். நல்லா வலிக்கட்டும் என்றிருந்தது.

தையல்காரர் முனகினார். "சார், சாட்சி அஞ்சு என் தங்கச்சி. அவளப் பத்தி என்ன எழுதியிருக்கீங்க?"

அவருக்கும் ஓர் அடிக்குறிப்பு போட்டிருந்தேன்: பிரிக்பீல்ட்ஸில் பூக்கடை, நெற்றியில் வெட்டுத் தழும்பு. அங்கேயே நின்று அவருக்குப் போன் போட்டேன்.

"சொல்லுங்க சார்," என்றார் பூக்கடை அக்கா, கலகலப்பாக. "இப்பதான் மூணு பேரு வந்து, நெத்தியில தழும்பு எப்படி வந்துச்சுன்னு கேக்குறாங்க. உங்க ஸ்டூடண்ட்ஸ்தானே? உள்ள கூப்பிட்டு உட்கார வச்சிருக்கேன்."