சீட்டின் நான்காவது வரி

தங்கை வீட்டை விட்டுப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. ஆய்வேடு கொடுக்க அன்றுதான் கடைசி நாள்.

அக்காவுக்குக் கல்லூரி நூலகத்தில் வேலை. மாணவர்கள் இணையத்தில் எடுத்த ஆதாரங்களை அவள் பார்த்துக் கையெழுத்திட்டால்தான் ஆய்வேடு உள்ளே போகும். ஒவ்வொரு ஆதாரத்துக்கும் ஒரு சீட்டு: எழுதியவர் யார், என்று எழுதியது, அவருக்கு எப்படித் தெரியும். ஒரு வரி காலியாக இருந்தாலும் சிவப்புக் கோடுதான். பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் ‘யார்சொன்னா அக்கா’. “வணக்கம்னு சொன்னாக்கூட, யாரு சொல்லச் சொன்னான்னு கேப்பாங்கடா” என்று சிரிப்பார்கள்.

அதே கல்லூரியில் படித்த தங்கையின் ஆய்வு, வெளியூர் ஏரி ஒன்றுக்கு வரும் பறவைகளைப் பற்றியது. பாதி எண்ணிக்கை, பெயரே இல்லாத ஒரு வலைப்பக்கத்தில் எடுத்தது. அக்கா கோடு கிழித்துவிட்டாள்.

“ஒன்பது வருஷமா வாராவாரம் எண்ணிப் போட்டிருக்காங்கக்கா!”

“யாருடி அவங்க? பேரைக் காட்டு, கையெழுத்துப் போடுறேன்.”

“பேர் போடாதவங்கல்லாம் புளுகுறவங்களா?”

“கூடப் பொறந்தவன்னு கண்ணை மூடிக்கச் சொல்றியா?”

“நேர்ல போய்ப் பேரோட வரேன். அதுவரைக்கும் தேடாதே.”

ஒற்றைப் பையோடு வாசலில் நின்று செருப்பை மாட்ட அவள் எடுத்துக்கொண்ட நேரத்தில் அக்கா நாலு முறை கூப்பிட்டிருக்கலாம். அக்கா தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

போனவள் வரவில்லை. கைப்பேசி எண்ணும் மாறிவிட்டது.

மறு வருஷம், நூலகத்தில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த ஒரு மழைநாளில், அந்தப் பக்கத்தையும் வனத்துறையின் பழைய பதிவேட்டையும் அக்கா அருகருகே வைத்துப் பார்த்தாள். நாரை, கூழைக்கடா, உள்ளான் எல்லாமே ஏறக்குறைய ஒத்துப்போயின. பத்து நிமிஷ வேலை. அன்று பெயரைத் தேடினாளே தவிர, எண்களைப் பார்க்கவில்லை.

பக்கத்தின் அடியில் இருந்த முகவரிக்கு எழுதினாள்: ‘தப்பு என்னோடதுதான். சீட்டுல நாலாவது வரி சேர்த்துட்டேன்: வேறு எதோடு ஒத்துப்பார்த்தது? என் தங்கச்சி அங்க வந்தா சொல்லுங்க.’

பதில் இல்லை. ஞாயிறுதோறும் புது எண்ணிக்கை மட்டும் வந்தது. அதையே கடிதம்போல இரண்டு தடவை படிப்பாள். தங்கையின் தட்டு அலமாரியில் கவிழ்த்தபடியே இருந்தது.

ஐந்து வருஷம் கழித்து, தெரியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி:

‘எழுதியவர்: உன் தங்கச்சி.
தேதி: இன்னைக்கு. ரொம்ப லேட்டு, தெரியும்.
எப்படித் தெரியும்: எண்ணினது ஒரு படகுக்காரர். பேர் போடக் கூச்சமாம். அவருக்குப் பார்வை மங்கிடுச்சு, நாலு வருஷமா நான்தான் எண்ணுறேன்.
ஒத்துப்பார்த்தது: இன்னும் இல்ல. நீ வந்து கூட நின்னு எண்ணணும்க்கா.’